நாலு குளமும் மேனேஜரும்

தரை துடைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பத்தொன்பது வருஷமாக நாலு மாடி ஆபீஸ் ஒன்றில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். காபி கொட்டிய கறை, மை சிந்திய கறை, ஷூவில் ஒட்டி வந்த சூயிங்கம், எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் எந்த வாளி, எந்தத் துணி, எந்தக் கேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் வீட்டிலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கி பத்து அடி வைத்ததும் கால் சில்லென்று நனைந்தது. விளக்கைப் போட்டேன். முன்கதவு ஓரமாக ஒரு குளம். பீரோவுக்குக் கீழே இன்னொன்று. சமையலறையில் சிலிண்டர் பக்கத்தில் ஒன்று. பின்கதவு மூலையில் நாலாவது, அதன் நடுவில் தீவு மாதிரி வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியோ என் தரையைப் பற்றியோ இல்லை, எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. அவரைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று விட்டால் யுகம் முடிந்துவிடும். "சாப்டீங்களா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார், ஆமாவா இல்லையா என்று நாம்தான் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் ஒரு பெயிண்ட் கிடங்கில் இரவுக் காவலாளி. இருபத்திரண்டு வருஷம். தெருவில் எல்லோரும் ஆந்தை என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்ப்பார். இரவு எட்டு மணிக்கு டூட்டி ஏறினால் காலை ஆறுக்கு இறங்குவார். நான் ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புவேன். வாசலில் அவர் உள்ளே வர, நான் வெளியே போக, அவர் காலி சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுப்பார், நான் சாவியை அவர் கையில் கொடுப்பேன். எங்கள் கட்டில் ஒன்றுதான், ஆனால் அது ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. இரவில் எனக்கு, பகலில் அவருக்கு. மாலையில் நாலு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் கிடைப்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அதிலும் பாதி நேரம் அவர் டார்ச்சுக்கு பேட்டரி போட்டுக்கொண்டிருப்பார்.

இருபத்திரண்டு வருஷம் ஒற்றையில் படுத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும். மழை பெய்தால் ஜன்னலை மூட நான்தான் எழுந்திருக்க வேண்டும். கெட்ட கனவு கண்டால் சொல்ல ஆள் இல்லை, காலையில் வாசலில் டப்பாவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த மனுஷன் ஒருநாள் மற்ற மனுஷர்கள் மாதிரி ராத்திரியில் என் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும்.

போன மாதம் அது நடந்தது. கிடங்கில் மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள். இனி ஆள் வேண்டாம் என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். போகிற போக்கில் நாயையும் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஏழு வயது. குட்டியாக வந்து கிடங்கிலேயே வளர்ந்தது. எல்லா இடத்துக்கும் போய் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் வந்து படுத்துக்கொள்ளும் என்பதால் அங்கிருந்தவர்கள் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்கு நாய் பிடிக்காது, ஆனால் மனுஷன் வீட்டுக்கு வருகிறாரே, கூட ஒரு நாய் வந்தால் என்ன என்று நினைத்தேன். ஆபீஸில் நாலு மாடிக்கும் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் இனிமே ராத்திரி வீட்லதான். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு, பாவம், எத்தனை வருஷத்துத் தூக்கம்!" அக்கம்பக்கத்திலும் இதையே சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இப்போது குளத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். புது இடம், தெரியாமல் செய்துவிட்டது. இரண்டாம் நாளும் அதே நாலு இடம். மூன்றாம் நாளும். எங்கோ ஒரு பக்கம் இருந்தால் அவசரம் என்று விடலாம். இது அளவெடுத்த மாதிரி அதே இடம், அங்குலம் பிசகவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆபீஸில் கழிவறைக்கு என்றே நீல நிறத்தில் ஒரு கேன் வைத்திருப்போம், மூடியைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் வரும். அதில் ஒரு பாட்டில் கேட்டு வாங்கி வந்தேன். நாலு இடத்தையும் தேய்த்தேன் பாருங்கள், தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மேனேஜர் ஒவ்வொரு இடமாக வந்து முகர்ந்து பார்த்தது. வாலை ஆட்டியது. திருப்தி என்று நினைத்தேன். மறுநாள் காலை குளம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. மாலை ஆறுக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டேன். படுக்கும் முன் தெருவில் இரண்டு சுற்று நடத்தி வந்தேன், கம்பத்துக்குக் கம்பம் கால் தூக்கியது, ஆனாலும் வீட்டுக்கென்று மிச்சம் வைத்துக்கொண்டது. ஆபீஸ் லிஃப்ட்காரர் சொன்னார், "மூக்கைப் பிடிச்சு அதுலயே வச்சு அழுத்துங்க, அப்பதான் புத்தி வரும்." கேட்டுவிட்டு வந்து அதன் முகத்தைப் பார்த்தேன். கை போகவில்லை. ஒருநாள் சங்கிலியில் கட்டிப்போட்டேன், நடுராத்திரியில் அது போட்ட கூச்சலில் மூன்று வீட்டுக்காரர்கள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

இதில் எங்கள் வீட்டுக்காரர் பங்கு என்ன என்று கேட்பீர்கள். காலையில் நான் எழுந்திருக்கும்போது அவர் முன்பே விழித்து உட்கார்ந்திருப்பார். சில நாள் குளத்தை அவரே துடைத்தும் வைத்திருப்பார். துடைத்தார் என்று சொல்லக் கூடாது, நாலு குளத்தையும் ஒரே ஏரியாக இழுத்து விட்டிருப்பார், அதுவும் என் நல்ல துண்டை வைத்து.

"நீங்க எதுக்குங்க இதைத் தொடறீங்க? மாப் எதுக்கு இருக்கு?"

"கண்ணுல பட்டுச்சு."

"கண்ணுல பட்டதும் நாயைத் திட்ட வேண்டியதுதானே?"

"அது வேணும்னு செய்யற ஆள் இல்ல."

ஆளாம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வாரமே என் தம்பிக்கு போன் போட்டேன். அவனுக்கு மரக்கடை இருக்கிறது. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை காலையில வேனோட வர்றேன்க்கா" என்றான். போனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சண்டை போடுவார், நானும் போடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் "சரி" என்றார். எழுந்து போய் நாயைக் குளிப்பாட்டினார். காதுக்குள்ளே விரலை விட்டு, நகத்துக்கு நடுவில் எல்லாம் சுத்தம் பண்ணி, ஒரு மணி நேரம் குளிப்பாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறேன் என்று தெரிந்தது. ஆனாலும் என் தரை என் தரைதானே.

சனிக்கிழமை மனசு கேட்கவில்லை. தம்பிக்குக் கொடுப்பதற்கு முன் ஏதாவது நோயா என்று பார்த்துவிடுவோம் என்று நாய் டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். முதலில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். கிளினிக் வாசலில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு நாயின் பின்னால் நான் குனிந்தபடி நடந்த காட்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் டாக்டர். பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

"எதை வச்சுத் தொடைக்கிறீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து நீல கேனைப் பற்றிச் சொன்னேன், எங்கள் ஆபீஸில் வேறு யாருக்கும் அதைக் கையாளத் தெரியாது என்பதையும் சேர்த்து.

"அதுல அமோனியா இருக்குங்கம்மா. நாய் மூக்குக்கு அது மூத்திர வாடைதான். நீங்க தொடைக்கத் தொடைக்க, 'இங்கதான் வா'ன்னு அதைக் கூப்பிடற மாதிரி."

பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"சரி, முதல் நாள் எதுக்குப் போச்சு? அப்ப கேன் வரலையே" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, முன்னாடி இருந்த இடத்துல ராத்திரி இது என்ன பண்ணும்?"

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ரவுண்டு வரும், டாக்டரம்மா. பன்னெண்டு மணி, ரெண்டு மணி, நாலு மணி. நாலு இடம். மெயின் கேட், மீட்டர் ரூம், பெயிண்ட்ல கலக்கற தின்னர் வைக்கிற ரூம், பின் கேட். ஒவ்வொரு இடத்துலயும் செவுத்துல ஒரு வில்லை ஒட்டியிருக்கும். என் கையில இருக்கிற மெஷினை அதுல தொடணும். பீப்புன்னு சத்தம் வரும். தொடலேன்னா காலையில ஆபீஸ்ல தெரிஞ்சுடும். நான் பூட்டை ஆட்டிப் பார்ப்பேன், மெஷினைத் தொடுவேன். இது அந்த எடத்துல காலைத் தூக்கும். நான் என் வேலையை முடிச்சா இது இது வேலையை முடிக்கும். ஏழு வருஷம். ஒருநாள் லீவு போட்டதில்ல."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை நாய்க்கா தனக்கா என்று தெரியவில்லை.

டாக்டர் சிரித்தார். "அப்போ இது வீட்டுக்குள்ள டூட்டி பார்க்குது. ஆனா நாய் தனியா மணி பார்த்து ரவுண்டு போகாதுங்கய்யா. பூட்டு சத்தம் கேட்டாத்தான் போகும். வீட்ல ராத்திரி யாராவது எந்திரிப்பீங்களா?"

"யாரும் இல்ல. நான் படுத்தா கட்டை. இவரும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் மறுபடி மேற்கூரைக்குப் போனார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முன்கதவு, பீரோ, சிலிண்டர், பின்கதவு. மெயின் கேட், மீட்டர் ரூம், தின்னர் ரூம், பின் கேட்.

"என்னங்க," என்றேன்.

அவர் திருதிருவென்று விழித்தார்.

"பன்னெண்டு, ரெண்டு, நாலு?"

"ம்."

"வீட்டுக்குள்ள?"

"தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பேன். பீரோ கைப்பிடி. சிலிண்டர் திருகு. பின்பக்கத் தாழ்ப்பாள். அவ்வளவுதான். ரெண்டு நிமிஷம்."

"அப்ப இது உங்க பின்னாடியே வந்து..."

"முதல் நாள் இருட்டுல தெரியல. உன் தூக்கம் கெட்டுடும்னு டார்ச் போடல. ரெண்டு மணி ரவுண்டுல கால் வழுக்குச்சு. அப்பதான் தெரிஞ்சுது."

முதல் நாளே தெரியும்! மூன்று வாரமாக நான் நாயைத் திட்டித் தீர்த்தபோதெல்லாம், உண்மையான குற்றவாளி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் எதையோ தேடுவது மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. கடைசியில் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். இதை ஊற்றித் துடையுங்கள், வாடையை வேரோடு எடுக்கும். பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் வெளியே கூட்டிப் போங்கள், வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றார். முகர்ந்து பார்த்தேன். பாட்டிலில் வாசனையே இல்லை. வாசனை இல்லாத ஒன்றால் துடைத்தால் தரை சுத்தமானது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"ஏழு வருஷம் உங்க கூடவே நடந்த ஜீவன். அது மேல பழியைப் போட்டுட்டு நாளைக்கு வேன்ல ஏத்தி அனுப்ப இருந்தீங்க. மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? வேன் தெருவைத் தாண்டின பிறகா?"

நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது. இரண்டு தெரு தாண்டியதும் அவராகவே சொன்னார்.

"படுத்துப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அப்படியே கிடப்பேன். பன்னெண்டு அடிச்சா காலு தானா கீழ எறங்கிடுது. தூக்கமே வரல."

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேருந்து."

"ஏங்க சொல்லல?"

"நீதான் நாலு மாடிக்கும் சொல்லிட்டியே, நான் தூங்கறேன்னு."

தெருவோரம் ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்றுவிட்டேன். நான் கட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை ராத்திரியிலும் இந்த மனுஷன், என் ஆசை பொய்யாகிவிடக் கூடாது என்று பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அதைச் சொல்ல வேண்டி வருமே என்றுதான் நாயைக்கூட விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், "நாயைப் பிடிங்க, சாக்கடைப் பக்கம் போகுது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வந்துவிட்டது. தம்பி புதுச் சங்கிலி ஒன்றைச் சுழற்றிக்கொண்டே இறங்கினான்.

"எங்கேக்கா நம்ம ஆளு?"

"நாய் வராதுடா. தப்பு நாய் மேல இல்ல, உங்க மாமா மேல. வேணும்னா அவரை ஏத்திக்கிட்டுப் போ" என்று நடந்ததைச் சொன்னேன். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அக்கா, நீ வெளையாட்டுக்குச் சொன்னே, நான் நெஜமாவே கேக்கறேன். மாமா, நீங்களும் வந்துடுங்க. மரக்கடைக்கு ராத்திரி ஆள் வேணும். உங்களுக்குப் பழகின வேலை, மேனேஜருக்கும் பழகின வேலை. நடந்துகிட்டே இருக்கலாம்."

நான் பகடியாக விட்ட வார்த்தை எனக்கே திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு வெளிச்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே தெரிந்தது. அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு சுகமான இடம் என்று எனக்குப் புரிந்தது. நான் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து பெற்றது மூன்று வாரம், அதிலும் அவர் தூங்கவில்லை. போய்வாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மனசார இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"வேணாம் மாப்ள."

"ஏன் மாமா?"

"முழிச்சிருக்க எனக்கு நல்லாத் தெரியும். தூங்கத்தான் தெரியல. கத்துக்கணும்."

தம்பி சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

அன்று ராத்திரியிலிருந்து வீட்டுக்குள் நடந்த திருட்டு ரோந்து வெளியே தெருவுக்கு மாறியது. பன்னிரண்டு மணிக்கு அவரும் நாயும் தெருவுக்குப் போவார்கள், இரண்டுக்குப் போவார்கள், நாலுக்குப் போவார்கள். டார்ச்சைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். என் தரை மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது. வாசனை இல்லாத அந்தப் பாட்டில் வேலை செய்தது என்பதை ஆபீஸில் நான் யாரிடமும் சொல்லவில்லை, நீல கேன் விஷயத்தில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. அடுத்த வாரம் நாலு மணிச் சுற்றை நிறுத்தினோம். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டை. நேற்றுவரை மிச்சம் இருந்தது இரண்டு மணி மட்டும்தான்.

நேற்று ராத்திரி என் கன்னத்தில் ஈரமாக என்னவோ பட்டது. கண்ணைத் திறந்தால் மேனேஜர் மூக்கு. மணி இரண்டைத் தாண்டி ஐந்து நிமிஷம். வழக்கமாக அவர் பக்கம்தான் போய் நிற்கும். "என்னங்க, எந்திரிங்க, டூட்டிக்கு நேரமாச்சு" என்று திரும்பி அவர் தோளில் கை வைக்கப் போனேன்.

வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. குறட்டை என்றால் உங்கள் வீட்டுக் குறட்டை எங்கள் வீட்டுக் குறட்டை இல்லை, மரக்கடையில் ரம்பம் ஓடுகிற குறட்டை. நடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன், மூக்கின் மேல் ஊதியும் பார்த்தேன். அசையவில்லை.

நாய் அவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. லேசாக முனகியது.

"உஷ்!" என்றேன். "அவர் தூங்கறாரு. சத்தம் போட்டே, கொன்னுடுவேன்."

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. கம்பத்தடியில் மேனேஜர் சாவகாசமாக முகர்ந்து முகர்ந்து இடம் தேடியது. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் ராத்திரியில் தூங்குகிறார். இதைப் பார்க்கத்தானே நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்! பார்க்க விடாமல் இந்த நாய் என்னை நடுத்தெருவில் நிறுத்தி வைத்திருந்தது.

"அவசரமில்ல," என்றேன் அதனிடம். "நிதானமா போ."